வந்த வழி நினைவில்லை

ஆயிரத்துக்கு 31. இந்த எண்ணை இரண்டு வாரம் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செஸ் இன்ஜின் யோசிக்கும்போது, தன் ஹாஷ் டேபிளில் ஆயிரத்துக்கு எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்று திரையில் சொல்லிக்கொண்டே வரும். தொடங்கும்போது 0. கொஞ்ச நேரத்தில் 200, 500. விட்டுவைத்தால் 1000ஐத் தொட்டு அங்கேயே நிற்கும். நான் எழுதிய இன்ஜின் மட்டும் சில நொடிகளில் 31க்கு ஓடிவந்து, அதற்கு மேல் ஒரு படி ஏற மறுத்தது. ராத்திரி ஓடவிட்டுப் படுத்து, காலையில் பல் துலக்கிக்கொண்டே வந்து பார்த்தேன். 31.

பகலில் வங்கிகளுக்கு மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. செஸ் இன்ஜின் ராத்திரி வேலை. சம்பளம் கிடையாது, 15 வருடமாகியும் விட முடியவில்லை. என் இன்ஜின் எந்தப் போட்டியிலும் பேர் வாங்கியதில்லை. அதற்கு இருக்கும் ஒரே நிரந்தர எதிராளி எங்கள் கீழ் வீட்டு சார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு காலத்தில் மாவட்டப் போட்டிகளில் ஆடியவர். ஞாயிறு மாலை தன் மரப் பலகையைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வருவார். திரையைப் பார்த்து ஆட மாட்டார். இன்ஜின் சொல்கிற காயை நான் பலகையில் நகர்த்த வேண்டும். ஹாஷ் டேபிளில் நான் செய்த தப்புகளில் பாதிக்கு மேல் அவர் கண்டுபிடித்தவைதான். அப்படி ஒன்று உள்ளே இருப்பதே வெகுநாள் அவருக்குத் தெரியாது.

ஒருநாள் அதை விளக்க, அவர் பலகையிலேயே ஒரு நிலையை அடுக்கினேன். ரூபன் ஃபைன் 1941இல் வெளியிட்ட இறுதியாட்டப் புத்தகத்தில் 70ஆவதாக வருவது. அதற்கு முன்பே, 1901இலிருந்து, லாஸ்கர், ரைக்ஹெல்ம் என்ற இரண்டு பேர்களோடு சேர்த்துச் சொல்லப்படுவது. வெள்ளை ராஜா ஏ1இல், வெள்ளைச் சிப்பாய்கள் ஏ4, டி4, டி5, எஃப்4. கறுப்பு ராஜா ஏ7இல், கறுப்புச் சிப்பாய்கள் ஏ5, டி6, எஃப்5. 7 சிப்பாய்களும் முட்டிக்கொண்டு நிற்கின்றன, ஒன்றாலும் அசைய முடியாது. நடமாடுவது ராஜாக்கள் மட்டும்.

"இந்தப் பலகைல மொத்தம் எத்தனை நிலை வரும் சார்?" என்று கேட்டேன். அவர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். காலிக் கட்டம் 57. ஒரு ராஜாவுக்கு 57 இடம், மற்றவருக்கு 56, யார் முறை என்பதற்கு இரண்டு. பெருக்கினால் 6,384. சிப்பாய் எதுவும் வெட்டுப்படாத வரை அதுதான் உச்சம். ஆனால் அந்த நிலைகளுக்குப் போகிற வழிகளின் கணக்கு வேறு. முறைக்கு 5 நகர்த்தல் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 26 அரை நகர்த்தலுக்குள் (ஒருவர் ஒரு முறை ஆடுவது ஓர் அரை நகர்த்தல்) 14,900 கோடி கோடி வழி ஆகிவிடும். தேவையில்லாத கிளைகளை வெட்டித் தள்ளும் ஆல்ஃபா-பீட்டா முறை, அதிர்ஷ்டத்தின் உச்சத்தில் வேலை செய்தால்கூட 244 கோடி மிஞ்சும். 6,384 இடத்தைச் சுற்றிப் பார்க்க 244 கோடி நடை.

"அப்ப ஒரு தடவை பார்த்ததை நோட்டுல எழுதி வெச்சுக்க வேண்டியதுதானே?" என்றார் சார்.

அந்த நோட்டுதான் ஹாஷ் டேபிள். 1967இல் எம்ஐடியில் ரிச்சர்ட் கிரீன்பிளாட் எழுதிய மேக் ஹேக் இன்ஜினிலேயே அது வந்துவிட்டது. நோட்டில் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்பதற்கு இன்றுவரை நாங்கள் எல்லாரும் பின்பற்றுகிற வழியை, 1970இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ஸோப்ரிஸ்ட் ஓர் அறிக்கையாக எழுதிவைத்தார். அவர் பாடுபட்டது கோ ஆட்டத்துக்கு நிரல் எழுத. பேர் நிலைத்தது செஸ்காரர்கள் வாயில்.

அவர் வழி இது. 12 வகைக் காய், 64 கட்டம். ஆக 768 சேர்க்கை. ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய ஒரு 64-பிட் எண். யார் முறை என்பதற்கு ஒன்று, கேஸ்லிங் உரிமைகளுக்கு 4, ஆன் பாசான் வெட்டுக்கு நெடுவரிசைக்கு ஒன்றாக 8. மொத்தம் 781 எண்கள். பலகையில் இந்த நேரம் பொருந்துகிற எண்களையெல்லாம் எக்ஸ்-ஆர் செய்தால் வருவது அந்த நிலையின் சாவி. எக்ஸ்-ஆர் என்பது சுவிட்சு மாதிரி, ஒரு தட்டில் எரியும், மறு தட்டில் அணையும். குதிரை ஜி1இலிருந்து எஃப்3க்குத் தாவினால், ஜி1 குதிரையின் எண்ணை ஒரு தட்டு, எஃப்3 குதிரையின் எண்ணை ஒரு தட்டு, முறைக்கு ஒரு தட்டு. முழுப் பலகையையும் மறுபடி கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. எந்த வரிசையில் தட்டினோம் என்பதும் தடம் விடாது. டி4 முன்னால் வந்ததா சி4 முன்னால் வந்ததா என்று சாவிக்குத் தெரியாது. வந்த வழியை அது மறந்துவிடுவதால்தான் இந்த வித்தையே பலிக்கிறது.

இப்போது அந்த 31. என் 781 எண்களையும் நான் சி மொழியின் சாதாரண ரேண்ட் செயற்கூறை வைத்து எடுத்திருந்தேன். அப்போது நான் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் நூலகத்தில் அது தருவது 0 முதல் 32,767 வரைதான். அதாவது 15 பிட். இரண்டு தடவை கூப்பிட்டு, ஒன்றை 32 இடம் இடப்பக்கம் தள்ளி ஒட்டிவிட்டு, 64 பிட் ஆகிவிட்டது என்று நம்பிக்கொண்டேன். உண்மையில் ஒவ்வோர் எண்ணிலும் 34 பிட் நிரந்தரமாகச் சுழியம். சுழியங்களை எத்தனை தடவை எக்ஸ்-ஆர் செய்தாலும் சுழியம்தான். என் அட்டவணையில் 10,48,576 அறைகள். எந்த அறை என்று சாவியின் கடைசி 20 பிட்டைப் பார்த்துத் தீர்மானிப்பேன். அந்த 20இல் 5 எப்போதும் செத்துக் கிடந்தன. மிச்சம் 15 பிட், 32,768 அறை. முப்பத்திரண்டில் ஒரு பங்கு, ஆயிரத்துக்கு 31. பத்து லட்சம் அறைக்குக் கட்டடம் எழுப்பி, 32 ஆயிரத்துக்கு மட்டும் சாவி அடித்திருக்கிறேன்.

இதைவிட மோசமானது எனக்கு அப்போது உறைக்கவில்லை. 30 பிட் மட்டுமே உயிரோடு இருக்கிற சாவியில், சுமார் 40 ஆயிரம் நிலைகளுக்குள்ளேயே எங்கோ இரண்டு வேறு நிலைகளுக்கு ஒரே சாவி விழ பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒரே வகுப்பில் இரண்டு பேருக்குப் பிறந்தநாள் ஒன்றாக அமையும் அதே கணக்கு. நிஜமான 64 பிட்டில் அதற்கு 500 கோடி நிலை வேண்டும். அன்று ராத்திரியே வேறு எண்-உற்பத்தி முறைக்கு மாறினேன். விதை எண்ணை மட்டும் நிலையாக வைத்தேன். ஓட்டத்துக்கு ஓட்டம் எண்கள் மாறினால் நேற்று வந்த பிழை இன்று வராது, பிறகு பிடிக்கவே முடியாது. ஸ்டாக்ஃபிஷ் என்ற பெரிய இன்ஜினின் நிரலிலும் 1070372 என்ற விதை எண் அப்படியே எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கண்மூடித்தனத்தைக்கூட இந்தத் தொழிலில் குறித்து வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

அது அசட்டுத்தனம், விட்டுவிடலாம். அதற்குப் பின் வந்த பிழைகள் வேறு ரகம். ஒவ்வொன்றும் தனித்தனி விபத்து என்றே வருடக்கணக்கில் நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் எல்லாம் ஒரே குடும்பம். வழி தெரியாத நோட்டில், வழியைப் பொறுத்து மாறக்கூடிய ஏதோ ஒன்றை எழுதி வைத்திருப்பேன்.

"தம்பி, உன் மெஷின் இல்லாத சிப்பாயை வெட்டுது" என்றார் சார் ஒரு ஞாயிறு. ஆன் பாசான். எதிராளியின் சிப்பாய் இரண்டு கட்டம் பாய்ந்து நம் சிப்பாயின் பக்கத்தில் வந்து நின்றால், அடுத்த முறையே, அந்த ஒரு முறை மட்டும், அது ஒரு கட்டம்தான் நகர்ந்தது போல வெட்டலாம். காய்கள் நிற்கும் இடத்தை மட்டும் பார்த்தால், இப்போதுதான் பாய்ந்ததா, நாலு முறைக்கு முன்பே வந்து நின்றதா என்று தெரியாது. என் சாவியில் ஆன் பாசானை அப்போது நான் சேர்த்திருக்கவில்லை. வெட்டலாம் என்ற நிலையில் எழுதிய பதிலை, வெட்டக்கூடாத நிலையில் படித்து ஆடிவிட்டது.

உடனே எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். சிப்பாய் இரண்டு கட்டம் பாயும்போதெல்லாம் ஆன் பாசான் எண்ணைத் தட்டினேன். தப்பான வெட்டு நின்றது, இன்ஜின் மந்தமாகிவிட்டது. இ4, இ6, டி4 என்று வந்தாலும் டி4, இ6, இ4 என்று வந்தாலும் பலகை ஒன்றே. ஆனால் முதலாவதில் டி வரிசையின் எண்ணும் இரண்டாவதில் இ வரிசையின் எண்ணும் சாவியில் தங்கிவிட்டன, வெட்ட அங்கே ஒரு கறுப்புச் சிப்பாய்கூட இல்லாதபோதும். ஒரே நிலை இரண்டு பேரில் இரண்டு தடவை தேடப்பட்டது. பக்கத்தில் உண்மையிலேயே வெட்டக்கூடிய சிப்பாய் இருந்தால் மட்டும் தட்ட வேண்டும் என்பது இப்போது எல்லாருக்கும் தெரிந்த பாடம். நான் ஒரு தீபாவளி விடுமுறையைச் செலவழித்துப் படித்தேன்.

சோதனைக்கு பெர்ஃப்ட் எண்கள் உண்டு. தொடக்க நிலையிலிருந்து 6 அரை நகர்த்தலில் 11,90,60,324 வழிகள் வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் கூடினாலும் எங்கோ பிழை. அது இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. அதோடு, சோதனை ஓட்டத்தில் ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் சாவியை அடியிலிருந்து கணக்கிட்டு, தட்டித் தட்டி வந்த சாவியோடு ஒப்பிடுவேன். இன்ஜின் ஆமை வேகத்தில் நகரும். நகரட்டும்.

மதிப்பை எழுதிவைப்பதில் இன்னொரு சிக்கல். ஆல்ஃபா-பீட்டா எப்போதும் முழு விடையைத் தேடுவதில்லை. கோயம்பேட்டில் தக்காளி விசாரிப்பது போல. முதல் கடையில் கிலோ 40 ரூபாய் என்று முடிவான பிறகு, அடுத்த கடைக்காரர் "45க்குக் கீழ வராது" என்றதும் நகர்ந்துவிடுவோம். கடைசியில் எவ்வளவுக்குத் தருவார் என்று நின்று கேட்க மாட்டோம். நோட்டில் ஏற வேண்டியது "45" அல்ல, "குறைந்தது 45". நான் 45 என்றே எழுதி வைத்திருந்தேன். எந்தப் பேரத்தின் நடுவே கேட்ட விலை என்பதும் வந்த வழியில் ஒரு பகுதிதானே. அதனால் ஒவ்வொரு பதிவிலும் மதிப்போடு, அது சரியான விடையா, கீழ் வரம்பா, மேல் வரம்பா என்றும், எவ்வளவு ஆழம் தேடிக் கிடைத்தது என்றும் ஏறுகிறது. ஆழம் போதாவிட்டால் மதிப்பைத் தொடக்கூடாது. அப்போதும் அங்கே எழுதியிருக்கும் சிறந்த நகர்த்தலை முதலில் ஆடிப் பார்க்கலாம். என்னைக் கேட்டால் நோட்டின் பாதி லாபம் அதில்தான். நல்ல நகர்த்தலை முதலில் பார்த்தால் மற்ற கிளைகள் தானாக வெட்டுப்படும்.

செக்மேட் விவகாரம் இன்னும் சிரிப்பு. சாரிடம் தனி ராஜா, என் இன்ஜினிடம் ராஜாவும் ராணியும். குழந்தையும் மேட் செய்துவிடும். திரையில் "3 நகர்த்தலில் மேட்" என்று வந்தது. ஆடியது. மறுபடி 3 நகர்த்தலில் மேட். ராணி இங்கே, ராணி அங்கே. சார் பொறுமையாக ராஜாவை நகர்த்திக்கொண்டே இருந்தார். "அரை மணி நேரமா மூணே மூணு மூவ்தான் பாக்கிங்குது. எங்க ரயில்வேகூட இப்படிச் சொன்னதில்ல" என்றார். 50 நகர்த்தல் விதிப்படி டிரா கேட்டு வாங்கிக்கொண்டு கீழே போனார்.

மேட்டுக்கு எத்தனை நகர்த்தல் என்பதை இன்ஜின் தேடல் தொடங்கிய இடத்திலிருந்து எண்ணும். அதை அப்படியே நோட்டில் எழுதிவிட்டேன். வீட்டிலிருந்து கிளம்பி அளந்த தூரத்தை, நடுவழி மைல்கல்லில் செதுக்கியது போல. வேறு இடத்திலிருந்து அங்கே வந்து சேர்கிறவருக்கு அது பொய். எழுதும்போது அந்த நிலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று மாற்றி எழுத வேண்டும், படிக்கும்போது இப்போதைய தொடக்கத்துக்கு ஏற்ப மாற்றிப் படிக்க வேண்டும். மொத்தம் நாலு வரி நிரல்.

அந்தக் குடும்பத்தில் மூத்தவருக்கு மட்டும் முழு மருந்து கிடையாது. ஒரே நிலை மூன்று தடவை வந்தால் டிரா. எனவே ஒரு நிலையின் மதிப்பே, அதற்கு முன் என்னென்ன நிலைகள் வந்தன என்பதைப் பொறுத்து மாறும். ஒரு வழியில் வந்தால் வெற்றி, இன்னொரு வழியில் வந்தால் டிரா. சாவி இரண்டுக்கும் ஒன்றே. பின்னாளில் டீப் ப்ளூ குழுவில் இருந்த மர்ரே கேம்பெல் 1985இலேயே இதைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். வரலாற்றையும் சாவியில் சேர்த்தால் தீர்ந்துவிடும். ஆனால் அப்புறம் ஒரே நிலை என்பதே இருக்காது, நோட்டு எதற்கு? எல்லாரும் சமாளிக்கிறோம். நோட்டைப் புரட்டும் முன் திரும்ப வந்த நிலையா என்று பார்த்துக்கொள்வோம், 50 நகர்த்தல் எல்லை நெருங்கினால் நோட்டில் எழுதியதை நம்பாமல் விடுவோம். என் நிரலில் அந்த இடத்தில் "தெரிந்தே விட்டது" என்று ஒரு குறிப்பு எழுதிப் பல வருடமாகிறது.

பொய்யைத் தெரிந்தே விடுவதில் என்னைவிடப் பெரியவர்கள் துணிச்சல்காரர்கள். ஸ்டாக்ஃபிஷில் ஒரு பதிவு வெறும் 10 பைட். மூன்று பதிவு, இரண்டு பைட் வெற்றிடம், ஆக 32 பைட்டில் ஒரு கொத்து. செயலியின் 64 பைட் கேஷ் வரிசையில் இரண்டு கொத்து கச்சிதமாக உட்காரும். அந்த 10 பைட்டில் சாவிக்கு ஒதுக்கியது 16 பிட் மட்டும். கொத்தைத் தேர்ந்தெடுக்க முழுச் சாவியும் உதவும், ஆனால் உள்ளே போனபின் ஆளை அடையாளம் பார்ப்பது 65,536இல் ஒன்று என்ற நுணுக்கத்தோடுதான். தவறான ஆள் மாட்டத்தான் செய்வார். முதலில் படித்தபோது எனக்கு அதிர்ச்சி. பிறகு ராபர்ட் ஹையட்டும் கோஸியும் 2005இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். வேண்டுமென்றே தவறான பதிவுகளைக் கலந்துவிட்டு ஆடவைத்துப் பார்த்தார்கள். ஆட்டம் கெட எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான தவறுகள் தேவைப்பட்டன. தேடல் மரத்தில் ஒரு பொய் இலை, மேலே வருவதற்குள் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது. நோட்டு தரும் நகர்த்தல் இந்தப் பலகையில் ஆடத்தக்கதுதானா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். அதைப் பார்க்காமல் விட்டுத்தான் முன்பு இல்லாத சிப்பாயை வெட்டினேன்.

இடம் தீர்ந்தால் யாரை அழிப்பது என்பதில் ஆளுக்கொரு கொள்கை. ஆழமாகத் தேடியதைக் காப்பாற்று என்பது ஒன்று. அதை மட்டும் வைத்தால், பழைய ஆழமான பதிவுகள் ஆட்டம் கடந்துபோன பிறகும் இடத்தை அடைத்துக்கொண்டு, காலி செய்யாத குடித்தனக்காரர் மாதிரி உட்கார்ந்துவிடும். பெல் என்ற செஸ் இயந்திரத்தை உருவாக்கிய கென் தாம்ப்சனும் ஜோ காண்டனும் இரண்டு அட்டவணை வைத்தார்கள்: ஒன்றில் ஆழமானவருக்கு முன்னுரிமை, மற்றதில் புதிதாக வருபவர் எப்போதும் பழையவரைத் தள்ளிவிடலாம். இப்போது பலரும் பதிவுக்கு வயது போட்டு, ஆழத்திலிருந்து வயதைக் கழித்துப் பார்க்கிறோம். நான் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். வயது போடுவது கட்டாயம். மற்ற நுணுக்கங்களால் என் இன்ஜினுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

ஒரே நேரத்தில் தேடும் பல இழைகள் (த்ரெட்கள்) ஒரே அட்டவணையைப் பகிரும்போது, ஒன்று பாதி எழுதிய பதிவை இன்னொன்று படித்துவிடும். ஹையட்டும் டிம் மேனும் சொன்ன எக்ஸ்-ஆர் தந்திரத்தில் அது தீர்ந்தது: சாவியைத் தரவோடு எக்ஸ்-ஆர் செய்து எழுதினால், கலந்துபோன பதிவு தானே பொருந்தாமல் போய்விடும். பூட்டே தேவையில்லை. ஒரு மாலை வேலை.

போன மாதம் சார் வந்து, நான் கேட்காமலே அந்த 70ஆம் நிலையை அடுக்கினார். இன்ஜினை ஓடவிட்டேன். ஆழம் எண்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓடின, ராஜா பி1 என்று வந்து நின்றது. அதுதான் விடை. முன்னேறுகிற ஆசையில் ராஜாவை பி2க்கு ஏற்றினால் வெற்றி நழுவிவிடும்.

"சரி, பி1. அப்புறம்?"

திரையில் மூன்று நகர்த்தல் இருந்தது. பி1, கறுப்பு பி7, வெள்ளை சி1. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. முழுத் தொடரையும் நான் நோட்டிலிருந்துதான் பொறுக்கி எடுக்கிறேன். நடுவில் ஏதோ ஒரு பதிவின் மேல் வேறொன்று ஏறிவிட்டது.

"வழி அழிஞ்சுபோச்சு சார். விடை மட்டும்தான் இருக்கு."

"விடையை வெச்சுட்டு நான் என்ன பண்றது?" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். மடிக்கணினியை மூடினேன். வெள்ளை ராஜா சி4 வழியாக பி5க்கு வந்தால் ஏ5 சிப்பாய் போகும். அந்தப் பக்கம் எச்4 வழியாக ஜி5க்கு வந்தால் எஃப்5 போகும். கறுப்பு ராஜா இரண்டு வாசலுக்கும் ஒரே காவல்காரன். அவன் ஒரு அடி தப்பாக வைக்கும்படி செய்ய வேண்டும். சார் கறுப்பு, நான் வெள்ளை. ராஜாக்கள் ஒருவரை ஒருவர் பார்க்காதது போல அடிவரிசைகளில் நடை போட்டார்கள். காபி ஆறி ஆடை கட்டியது. வெள்ளை ராஜா டி3இல் நிற்கும்போது சார் கையைத் தூக்கித் தடுத்தார்.

"இரு இரு. இது யார் மூவ்? எப்படி இங்க வந்தோம்?"

எனக்கும் நினைவில்லை. ராஜாவை எடுத்து ஏ1இல் வைத்தேன்.